நீல வண்டிக்குத் தலைக்கட்டு வரி

எங்கள் நடுத்தேரியில் எந்த வண்டியும் இரண்டு வருசம் தாண்டாது, எங்கள் நீல வண்டி தாண்டியது, அதனால்தான் எங்கள் அப்பா செம்மண்ணாக இருமினார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை இழுத்துப் பிடித்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

தேரி என்றால் சிவப்பு மணல் மேடு. ஆனி ஆடியில் காற்று கிளம்பினால் மேடு இடம் மாறும், நேற்று இருந்த பாதை இன்று இருக்காது, மூடி வைத்த சோற்றுக்குள் போகிற மணல் இஞ்சினுக்குள் போகாமல் இருக்குமா. கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியை மூடியபோது அப்பா அங்கே கிடந்த நாலு ஏடிவி வண்டிகளை வாங்கிக்கொண்டு வந்தார். தடித்த டயர், பைக் மாதிரி ஹேண்டில், நாலு சக்கரத்துக்கும் இழுவை. டவுனிலிருந்து வருகிறவர்களை உட்கார வைத்து மேட்டில் ஏற்றி இறக்கினால் அலறிக்கொண்டே சிரிப்பார்கள். அப்போது எனக்கு வயசு பதிமூன்று. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். யாரும் நிறுத்தவில்லை, நானாகத்தான் நின்றேன். வண்டி பழுதாகிக் கிடக்கும்போது உட்கார்ந்து வரலாறு படிக்க எனக்கு உடம்பு வணங்கவில்லை. போனைப் பார்த்தும், பிரித்துப் போட்டு முழித்தும், வேலையைக் கற்றுக்கொண்டேன்.

மணலில் ஓடுகிற வண்டிக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிசம் கொடுக்க வேண்டும். ஏர் ஃபில்டர் பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் கசக்கி, காய வைத்து, எண்ணெயில் முக்கிப் பிழிந்து மாட்ட வேண்டும். ஆக்சில் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று விரலால் தடவ வேண்டும். நட்டுகளை முடுக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த இருபது நிமிசத்தைத்தான் யாரும் கொடுக்க மாட்டார்கள். அம்மாவின் தம்பி ராசதுரை மாமாதான் வண்டி ஓட்டிக் காட்டுகிறவர். அவர் ஃபில்டரை உருவி டயரில் ரெண்டு தட்டுத் தட்டி அப்படியே மாட்டுவார். கேட்டால், "மண்ணு போயிட்டுல்லா, பொறவு என்னட்டி?" என்பார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்திலேயே மூன்று வண்டிகள் செத்தன. ஒன்றுக்குப் பிஸ்டன் போனது, ஒன்றுக்கு ஆக்சில் போனது, மூன்றாவதை மற்ற இரண்டுக்கும் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்து அது இல்லாமலே போய்விட்டது.

நீலம் மட்டும் சாகவில்லை. நான் பொறுப்பெடுத்த அன்று அதன் ஃபில்டரை உருவினேன், பஞ்சு வெள்ளையாக இருந்தது. மாமா மாற்றியிருப்பார் என்று நினைத்தேன். அடுத்த மாசமும் வெள்ளை. ஆயிலை இறக்கினால் தேன் நிறத்தில் இறங்கியது, பிரேக் கட்டை கடையில் வாங்கின கனத்தில் இருந்தது, புது டயரில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே ரப்பர் முடி, அந்த முடிகூட உதிராமல், ஆயிரம் தடவை மேடு ஏறி ஆயிரம் தடவை இறங்கின டயரில், குழந்தை தலைமுடி மாதிரி நின்றது. அதே மாசம் ரேஷன் கடையில் அப்பாவின் கைரேகை விழவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். பத்தும் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தன. மறுவாரம் துண்டில் இருமினார், துண்டில் தேரி மண் ஒரு கைப்பிடி.

ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள். எப்படி என்று மட்டும் எனக்குத் தெரியும், அதையும் நான்தான் கண்டுபிடித்தேன், கண்டுபிடித்துத் தொலைத்தேன். அப்பா ஒரு சடங்கு வீட்டுக்கு மூன்று நாள் போயிருந்தபோது, காலையில் வண்டியை மாமா ஸ்டார்ட் பண்ணினார். மூன்றாம் நாள் மாமாவின் உள்ளங்காலில் ரேகை இல்லை, கடைவாய்ப் பல் அரைத்தது மாதிரித் தட்டையாகிவிட்டது, தும்மினால் செம்மண். அந்த மூன்று நாளும் அப்பா இருமவில்லை. காலையில் முதலில் பட்டனை அமுக்குகிறவர் யாரோ, அன்றைக்கு வண்டியில் தேய வேண்டியதெல்லாம் அவரிடம் தேய்ந்தது. ஃபில்டருக்கு நெஞ்சு, டயருக்குக் காலும் கையும், பிரேக்குக்குப் பல், ஆக்சில் ரப்பருக்கு முழங்கால், முன்விளக்குக்குக் கண்.

இதை நான் டீக்கடையில் வைத்துச் சத்தமாகச் சொன்னேன். வண்டியை ஓரங்கட்டுவார்கள் என்று நினைத்துச் சொன்னேன். டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தாமல், "அப்பம் ஒருத்தரே அமுக்கப்பிடாதுல்லா, மாத்தி மாத்தி அமுக்கணும்" என்றார். பக்கத்தில் இருந்தவர், "ஆமா, ஒரு ஆளு தலையில கெட்டுனா அவன் தாங்குவானா" என்றார். அவ்வளவுதான் ஊர் ஆச்சரியப்பட்டது.

ஊருக்கு அந்த வண்டி வேண்டும். கெடாத வண்டி என்று கேள்விப்பட்டு எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். ஒரு வண்டிக்கு இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள், நின்ற நேரமெல்லாம் நுங்கும் பதநீரும் அவித்த கடலையும் வாங்கித் தின்றார்கள். தண்ணீர் இல்லாமல் முந்திரி பட்டுப்போன ஊரில், வாசலுக்கு ஒரு கடை முளைத்தது. ஊர்க் கமிட்டித் தலைவர் ஆதிலிங்கம் அண்ணாச்சியிடம் நான் நேராகவே கேட்டேன், புது வண்டி ஒன்று வாங்கினால் என்ன, நான் தினம் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவர் என்னைப் பாவம் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்.

"புதுசு தேயும்லா, பிள்ள."

எங்கள் ஊரில் கோயில் கொடை என்கிற திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. ஒரு கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. பணக்காரன், ஏழை என்று கிடையாது, தலைக்கு ஒரே வரி. விதவைக்கு அரை வரி. ஊர் தலையில் எது விழுந்தாலும் தலைக்கட்டால் வகுத்துக்கொள்வதுதான் வழக்கம், கோயில் சுவர் இடிந்தாலும் சரி, கிணறு தூர்ந்தாலும் சரி. அதனால் தேய்மானத்தையும் அப்படியே வகுத்தார்கள். மொத்தம் எண்பத்தாறு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு நாள். சாயங்காலம் கோயில் மைக்கில் மறுநாள் முறைக்காரர் பேரைப் படிப்பார்கள், அவர் காலையில் குளித்து வந்து, வண்டியில் எலுமிச்சம்பழம் செருகி, பட்டனை அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வார்.

சும்மா சொல்லக்கூடாது, ஊர் அதை அழகாகத்தான் விழுங்கிக்கொண்டது. இரண்டு மாசத்தில் பேச்சே மாறிவிட்டது. "என்ன மச்சான், நொண்டுதிய?" "நேத்து என் முறைல்லா, ஆக்சில் ரப்பர் போச்சி." ரேஷன் கடையில் கைரேகை மிசினைத் தூக்கிவிட்டுக் கண்ணைக் காட்டச் சொன்னார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா எல்லோருக்கும் தூசி அலர்ஜி என்று எழுதி ஒரே நிற மாத்திரையைக் கொடுத்தார். சம்பந்தம் பேச வந்தவர்கள் மாப்பிள்ளையின் அப்பா எத்தனை முறை அமுக்கியிருக்கிறார் என்று விசாரித்தார்கள், பழைய வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்பது மாதிரி. பதநீர் விற்கிற முத்துக்கிளி அக்காவுக்குப் புருசன் இல்லை, அதனால் அரை நாள். காலையில் அவள் அமுக்குவாள், உச்சிக்கு வண்டியை நிறுத்தி இஞ்சினை ஆறப்போட்டு வேறு ஆள் அமுக்க வேண்டும், ஆறின வண்டிக்கு அது இன்னொரு காலை.

"எம் புருசன் செத்ததுக்கு இந்த ஊரு குடுத்த ஒரே சலுகைட்டி இது," என்று சிரிப்பாள். சிரிக்கும்போது பாதிப் பல் உயரமாகவும் பாதிப் பல் தட்டையாகவும் தெரியும்.

ஒழுங்காக வகுத்திருந்தால் எண்பத்தாறு நாளுக்கு ஒரு நாள், ஒரு மனுசனுக்கு அது பெரிய சேதமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் எங்கள் ஊர்த் தலைக்கட்டில் ஐம்பத்தொரு பேர் ஊரிலேயே இல்லை. சென்னையிலும் மும்பையிலும் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார்கள். கோயில் வரியை வருசா வருசம் போனில் அனுப்பிவிடுவார்கள். முறைப் பட்டியல் போட்டதுமே இதற்கும் போன் பண்ணினார்கள். "எங்க முறையையும் நீங்களே சேத்துப் போட்டுருங்க அண்ணாச்சி, சீசன் நேரம், கடைய விட்டு வர ஏலாது." தேய்மானத்தைப் போனில் அனுப்ப முடியாது. அந்த ஐம்பத்தொரு நாளை யார் தலையில் கட்டுவது என்று கோயில் கொட்டகையில் கமிட்டி கூடியது.

இங்கேதான் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா பேர் தங்கப்பழம். இந்த ஊர்க்காரர் இல்லை. அம்மா பேச்சிக்கனிதான் இந்த ஊர்ப் பெண், அப்பா வீட்டோடு வந்த மாப்பிள்ளை. இருபது வருசமாக இந்த ஊரில் இருந்தும் அவர் தலைக்கட்டுக் கணக்கில் கிடையாது. அவரிடம் வரி வாங்க மாட்டார்கள். வரி கொடுக்காதவருக்குக் கொடையில் பங்கு கிடையாது. மற்ற ஆண்கள் பேர் கூப்பிட்டதும் எழுந்து போய், ஆட்டுக்கறியும் சாமிக்குப் படைத்த படப்புச் சோறும் வைத்த ஓலைப்பெட்டியை வாங்கி வருவார்கள். எங்கள் வீட்டுக்கு மாமா தன் பெட்டியிலிருந்து ஒரு கிண்ணம் கொடுத்து விடுவார். அப்பா அதைத் தொட மாட்டார், வயிறு சரியில்லை என்பார். எல்லா வருசமும் கொடை அன்றைக்கு அவருக்கு வயிறு சரியிருக்காது.

அன்றைக்குக் கொட்டகையில் அப்பா எழுந்து நின்றார்.

"அந்த அம்பத்தொண்ண நான் எடுத்துக்கிடுதேன், அண்ணாச்சி."

ஆதிலிங்கம் அண்ணாச்சி, "எப்படி மாப்ள, ஒமக்குத்தான் இங்க தலைக்கட்டே இல்லியே" என்றார்.

"அதத்தான் கேக்குதேன்."

அண்ணாச்சி கமிட்டிக்காரர்களோடு குனிந்து குசுகுசுத்தார். பிறகு நோட்டைப் பிரித்து எண்பத்தேழாவதாக அப்பா பேரை எழுதினார்கள். அப்பா குனிந்து, எழுத்து காய்கிறவரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வீட்டுக்கு வந்து நான் கத்தினேன். மூன்று நாளில் மாமாவுக்கு ஆனதைப் பார்த்தீர்களா இல்லையா என்றேன். ஐம்பத்தொன்றும் உங்கள் சொந்த நாள் ஒன்றும் ஐம்பத்திரண்டு, சுற்று முடிந்தால் திரும்ப ஐம்பத்திரண்டு, நீங்கள் என்ன இரும்பா என்றேன்.

"நீ பொம்பளப்பிள்ள, ஒனக்கு இது வெளங்காது," என்றார் அப்பா. "இருவது வருசம் மாப்ள மாப்ளன்னு கூப்புட்டான். ஒரு பய பேரச் சொல்லிக் கூப்புடல."

அம்மா அடுப்படியிலிருந்து, "அவருக்கு அது வேணும்ட்டி, விடு" என்றாள். பிறகு மூக்கைச் சிந்தினாள்.

அன்றிலிருந்து எனக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். நீலத்துக்குப் பராமரிப்பே தேவையில்லை, அதனால் அப்பாவைப் பார்த்துக்கொண்டேன். வண்டியைப் பார்ப்பது மாதிரியேதான் பார்த்தேன், வேறு மாதிரிப் பார்க்க எனக்குத் தெரியாது. வாசலிலிருந்து தெருக் குழாய்க்கு நாற்பது எட்டு வைக்க வேண்டும். கார்த்திகையில் ஒரே மூச்சில் நடந்தார். தையில் ஒரு தடவை நின்றார். மாசியில் மூன்று தடவை. பங்குனியில் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு வேண்டாம்" என்றார். முதுகில் காதை வைத்தால், காய்ந்த பையில் மணல் சரிகிற சத்தம். இஞ்சினில் அழுத்தம் விட்டுப்போவது மாதிரி, கம்ப்ரஷன் போய்விட்டது. இன்னும் ஒரு சுற்று அவருக்குத் தாங்காது, அடுத்த கொடைக்கு அவர் இருக்க மாட்டார், இது எனக்கு நட்டு லூசா டைட்டா என்று தெரிவது மாதிரித் தெரிந்தது.

வண்டியைக் கெடுக்கப் பார்க்காமல் இல்லை. ஒரு தடவை ஆயில் மூடியைத் திறந்து ஒரு குத்து மணலைப் போட்டேன். வண்டி அது பாட்டுக்கு ஓடியது. அன்றைக்கு அமுக்கினது அப்பா, அன்று முழுக்க மண்ணாக வாந்தி எடுத்தார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

சித்திரைக் கொடை வந்தது. அன்றைக்கும் அப்பா முறைதான், மும்பைக்காரர் ஒருவருக்காக. காலையில் மாலை போட்ட வண்டியை அமுக்கி ஒரு சுற்று விட்டு, எங்கள் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு, வெள்ளை வேட்டி கட்டி, மாமா தோளைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். ஊரே போனது. நான் ஸ்பேனர் பெட்டியை எடுத்தேன். கெடுத்தால்தானே அவரிடம் போகிறது, நான் கெடுக்கப் போவதில்லை, கழற்றப் போகிறேன். ஒன்றோடு ஒன்று சேர்ந்திருந்தால்தான் வண்டி. போல்ட்டைக் கழற்றினால் அப்பாவிடம் எது கழலும் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியாமல்தான் செய்தேன்.

கோயில் மைக் எங்கள் முற்றம் வரை கேட்கும். அப்பா மைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார் போல, பூசை மணிக்கு நடுவிலும் அவர் இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அந்த இருமலைக் காதில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு இருமலுக்கும் ஒரு சுற்றாக நட்டைத் திருகினேன். முதல் சக்கரம் கழன்று தரையில் விழுந்ததும் அதன் ரப்பர் முடியெல்லாம் சாம்பல் மாதிரி உதிர்ந்தது, பட்டை பட்டையாக இருந்த டயர் என் கண்ணெதிரே மொட்டையாகி நூல் தெரிந்தது. இருமல் நிற்கவில்லை. இரண்டாவது சக்கரம், மூன்றாவது, நாலாவது. ஆக்சில் ரப்பர் கையோடு கிழிந்து வந்தது. பேரிங் உள்ளங்கையில் துருவாக உடைந்தது. வண்டியை விட்டுப் பிரிந்த ஒவ்வொரு பாகமும், இத்தனை நாள் எவர் உடம்பிலோ கழித்த வயசை ஒரே நொடியில் தானே வாங்கிக்கொண்டு கிழமானது.

அம்மா பொங்கப் பானையோடு பாதியில் வந்துவிட்டாள். வாசலில் நின்று முற்றத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று ஸ்பேனரை இறுக்கிப் பிடித்தேன். பானையை இறக்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி நாதாங்கி போட்டாள்.

"இன்னும் எத்தன போல்ட்டு?"

"பதினொண்ணு."

"வெரசலா கழத்து."

மைக்கில் பங்கு வாங்கப் பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். எழுபத்தொன்பது, எண்பது. நான் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பஞ்சை உருவினேன். உருவின கையிலேயே அது செங்கல் நிறமாகி, செங்கல் கனத்தில் தொங்கியது. அப்போது இருமல் நின்றது. சட்டென்று, வெட்டினது மாதிரி நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். எண்பத்தஞ்சு. எண்பத்தாறு. "எண்பத்தேழு, தங்கப்பழம்." பதில் இல்லை. "தங்கப்பழம்!" மைக்கில் காற்று மட்டும் உரசியது. அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். நான் பஞ்சைக் கீழே போடவும் தெரியாமல் நின்றேன்.

"இந்தா... வாரேன்," என்றது அப்பா குரல். தூரத்தில். நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு.

பஞ்சைக் கீழே போட்டேன். மிச்ச போல்ட்டையும் கழற்றி முடித்தேன்.

ஓலைப்பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்பா வந்தார். சுவருக்கு மேலே யாரோ எட்டிப் பார்த்துப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், பின்னாலேயே ஆதிலிங்கம் அண்ணாச்சியும் கமிட்டியும் பாதி ஊரும் வந்தார்கள். அம்மா நாதாங்கியை எடுத்தாள். அப்பா இருமவில்லை. ஆனால் நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்றார், உதடு நீலமாக இருந்தது, விரல்கள் கண்ணாடியாகவே இருந்தன. இரும்பு தன்னுடையதை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். அவரிடமிருந்து போனது எதுவும் திரும்பி வரவில்லை. இனிமேல் போகாது.

அண்ணாச்சி தரையில் கிடந்ததையெல்லாம் பார்த்தார். "கோத்துரு," என்றார் என்னிடம்.

"மாட்டேன்."

"ஏ பிள்ள, ஊரு சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு நிக்க. கோக்கத் தெரிஞ்சவ இங்க நீ ஒருத்திதான். கோத்துரு."

"கோத்தாலும் ஓடாது. தொட்டுப் பாருங்க, எல்லாம் பொடியுது."

முத்துக்கிளி அக்கா கூட்டத்துக்குள்ளிருந்து, "நாளைக்கு நான் யாருக்குட்டி பதநீர் விப்பேன்?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. 

அண்ணாச்சி அப்பா பக்கம் திரும்பினார். "வண்டி இல்லன்னா முறை இல்ல மாப்ள. முறை இல்லன்னா அந்தப் பேரு நோட்டுல நிக்காது. ஒமக்கே தெரியும்." சொல்லிவிட்டு இரண்டு கையையும் நீட்டினார், பெட்டியை வாங்கிக்கொள்ள.

அப்பா பெட்டியைக் கொடுக்கவில்லை. கவிழ்ந்து கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார். மூடியைத் திறந்தார். எல்லோர் முன்னாலும் சாப்பிட ஆரம்பித்தார். சோறு வழுக்கும் விரல்களிலிருந்து நழுவியது, நழுவினதைப் பெட்டிக்குள்ளேயே பிடித்து மறுபடி எடுத்தார். கறியைத் தட்டைப் பல்லால் நசுக்கி நசுக்கி விழுங்கினார். ஒரு கவளம், பிறகு மூச்சு, பிறகு ஒரு கவளம். அம்மாவுக்குக் கொடுக்கவில்லை, எனக்குக் கொடுக்கவில்லை. வெயில் முற்றத்தை விட்டுச் சுவரில் ஏறியது. அண்ணாச்சி நீட்டின கையை எப்போது மடக்கினார் என்று நான் பார்க்கவில்லை. ஒருவரும் போகவில்லை. அடியில் ஒட்டியிருந்த கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்றுவிட்டு, வெறும் பெட்டியை அண்ணாச்சியிடம் கொடுத்தார்.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றார்.

பிறகு எழுந்து, என்னைப் பார்க்காமல், தரையில் பரவிக் கிடந்த எந்தப் பாகத்தையும் மிதித்துவிடாமல் ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டு, நின்று நின்று வீட்டுக்குள் போனார்.